வீடு முழுவதற்கும் ஒரே இரவில் மருந்து: குழந்தைகளின் சொறிசிரங்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும்

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற பகுதிகளிலிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "இது மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்பதே அக்கேள்வி. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுவதும் ஒன்றாக விளையாடுகிறார்கள். அங்கன்வாடியில் ஒரே பாயில் பத்துக் குழந்தைகள் உறங்குகிறார்கள். அரிப்பு ஒரு பிள்ளைக்கு என்றாலும் அச்சம் ஒரு தெரு முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது.

இக்கேள்விக்கு விடை சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். தொற்றக்கூடிய தோல்நோய்கள் பல. அவற்றுள் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதும், முழுமையாகக் குணப்படுத்தக்கூடியதாக இருந்தும் மீண்டும் மீண்டும் வீட்டுக்குள் திரும்பி வருவதும் சொறிசிரங்கு என்று நாம் அழைக்கும் நோயே. அதனை முதன்மையாக எடுத்துக்கொண்டு, பிற நோய்களைப் பின்னர் சுருக்கமாகச் சொல்கிறோம்.

எண்ணெய்த் தண்ணீரா, சொறியா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். வலைகளிலும் படகுகளிலும் எண்ணெய் படிந்தது. மீனவர்கள் பலர் கையாலேயே அதனை அள்ளி அகற்றினார்கள். தோல் எரிச்சல், கண் எரிச்சல் என்று அக்காலத்தில் பலரும் துன்புற்றார்கள். அன்றிலிருந்து இங்கே ஒருவருக்கு அரிப்பு என்றாலே, தண்ணீரின் மீது முதலில் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை நாங்கள் புறக்கணிப்பதில்லை. எண்ணெய், உப்புநீர், சேறு ஆகியவற்றால் தோல் புண்படுவது உண்மை. ஆனால் அவ்வகைப் புண் பிறருக்குத் தொற்றாது. சொறிசிரங்கு தொற்றும். இரண்டையும் பிரித்தறியாவிட்டால் தண்ணீரைக் குறைசொல்லிக்கொண்டே மாதங்கள் கழிய, அதற்குள் வீட்டில் உள்ள அனைவருக்கும் நோய் பரவிவிடும்.

பிரித்தறிவதற்குச் சில எளிய கேள்விகள் உதவும். அரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது? எண்ணெய்ப் பட்ட தண்ணீரால் வரும் எரிச்சல், தண்ணீர் பட்ட இடத்தில் மட்டுமே இருக்கும். இறால் பிடிக்க ஆற்றில் இறங்குவோருக்குக் காலிலும் கையிலும் வரும். சொறியோ விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, இடுப்பில் அரைஞாண் கயிறு படும் இடம், பிறப்புறுப்பு ஆகிய மறைவிடங்களை நாடும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் ஆகிய இடங்களிலும் வரும்.

அரிப்பு எந்த நேரத்தில் மிகுகிறது? இரவில் படுத்தவுடன் மிகுந்து, பிள்ளை உறங்காமல் அழுதால் சொறியை ஐயுற வேண்டும். தண்ணீரில் இறங்காத நாட்களில் குறைகிறதா? குறைந்தால் அது தண்ணீரால் வந்த எரிச்சலாக இருக்கலாம். இறுதியாக, வீட்டில் வேறு யாருக்கேனும் அரிக்கிறதா? ஆற்றுக்கே போகாத பாட்டிக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அரிக்கிறது என்றால் அதற்குத் தண்ணீர் காரணமாக இருக்க இயலாது.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

சொறிக்குக் காரணம் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறிய உண்ணி. பெண் உண்ணியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவு. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அது தோலின் மேலடுக்கில் சிறு சுரங்கம் தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக இட்டுக்கொண்டே செல்லும். முட்டைகள் மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் முதிர்ந்து, தாமும் முட்டையிடத் தொடங்கும். 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ, செஸ்டோனி என்னும் இருவர் இந்த உண்ணியை நுண்ணோக்கியில் கண்டு, சொறிக்குக் காரணம் இதுவே என்று எழுதினார்கள். இருந்தும், இரத்தம் கெட்டுப்போனதால் சொறி வருகிறது என்ற எண்ணம் இன்றுவரை முற்றிலும் மறையவில்லை.

ஒரு நோயாளியின் உடல் முழுவதிலும் இருக்கும் உண்ணிகள் பொதுவாகப் பத்துப் பதினைந்துதான். அவ்வளவு சிலவற்றுக்கா இத்தனை அரிப்பு என்று நீங்கள் வியக்கலாம். அரிப்பு உண்ணி கடிப்பதால் மட்டும் வருவதன்று. உண்ணியையும் அதன் கழிவையும் நம் உடல் எதிர்ப்பதால் வருவது. அவ்வெதிர்ப்பு உருவாக, முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முன்பே ஒருமுறை வந்தவருக்கு ஓரிரு நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

இந்த நான்கு வார இடைவெளிதான் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி. இன்று அரிப்பே இல்லாமல் இருக்கும் தம்பி, தங்கை, தந்தை ஆகியோர் உடலிலும் உண்ணி ஏற்கெனவே குடியேறியிருக்கக் கூடும். அரிப்பவருக்கு மட்டும் மருந்து பூசினால், அரிக்காதவரிடமிருந்து அடுத்த மாதமே அது திரும்பி வரும். மருந்து பலிக்கவில்லை என்று எங்களிடம் திரும்பி வரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் நடந்திருப்பது இதுதான்.

எவ்வாறு ஒட்டுகிறது, எவ்வாறு ஒட்டாது?

சொறியுண்ணிக்குத் தாவவோ பறக்கவோ தெரியாது; மெல்ல ஊர்ந்தே செல்லும். ஒருவர் தோலிலிருந்து மற்றொருவர் தோலுக்குச் செல்ல, தோலோடு தோல் சில நிமிடங்களாவது நீடித்துப் பட்டிருக்க வேண்டும். கைகுலுக்குவதாலோ, ஒரே பெஞ்சில் அமர்வதாலோ எளிதில் பரவாது. ஒரே பாயில் அணைத்துக்கொண்டு உறங்குவது, குழந்தையை நெடுநேரம் இடுப்பில் வைத்திருப்பது, கைகோத்து நெடுநேரம் விளையாடுவது ஆகியவையே பரவும் வழிகள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்னும் ஆய்வாளர் இதனைத் தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்தார். சொறி வந்த படைவீரர்கள் பயன்படுத்திய கம்பளிகளையும் உள்ளாடைகளையும் துவைக்காமலேயே தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார். அவர்களுள் மிகச் சிலருக்கே சொறி வந்தது. நோய் முதன்மையாக உடல் நெருக்கத்தால் பரவுகிறது என்பதும், துணியின் பங்கு சிறிது என்பதும் அதனால் தெளிவாயின. உடலை விட்டு விழுந்த உண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை. எனவே பாயைக் கொளுத்துவதும், மெத்தையைத் தூக்கி எறிவதும், வீடு முழுவதும் பூச்சிக்கொல்லி தெளிப்பதும் தேவையற்றவை. பூச்சிக்கொல்லி குழந்தைகளுக்குத் தீங்கும் விளைவிக்கும்.

அலட்சியம் கூடாது என்று ஏன் சொல்கிறோம்?

"சொறிதானே, தானாகப் போகும்" என்று விட்டுவிடுவோர் உண்டு. சொறி தானாகப் போவதில்லை. அதனைக் காட்டிலும் கவலைக்குரியது, சொறிந்து புண்ணான இடத்தில் நுழையும் கிருமிகள். ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் இரு வகைப் பாக்டீரியாக்கள் அப்புண்ணில் சீழ் வைக்கச் செய்யும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் சிரங்கு அவ்வாறு வருவதே. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சில வகைகள், புண் ஆறத் தொடங்கிய பின்னும், ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்துச் சிறுநீரகத்தை வீங்கச் செய்யக்கூடும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் குறைதல், சிறுநீர் தேநீர் நிறத்தில் அல்லது புகைபடிந்த நிறத்தில் போதல், தலைவலி ஆகியவை அதன் அறிகுறிகள். இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு வருவதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் உரிய சிகிச்சையால் நலம் பெறுகிறார்கள் என்றாலும், அதற்காக மருத்துவமனையில் தங்க நேரிடலாம். ஒரு வாரச் சொறியைத் தீர்ப்பது அதனினும் எளிதன்றோ!

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் சுமார் 20 கோடிப் பேர் இந்நோயோடு இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே உங்கள் பிள்ளைக்குச் சொறி வந்தது உங்கள் வீட்டின் தூய்மைக் குறைவால் அன்று. நாள்தோறும் இருமுறை குளிப்பவருக்கும் வரும். சிறிய வீட்டில் பலர் நெருங்கி வாழ்வதே இது பரவ முதற்காரணம்.

ஒரே இரவில், எல்லோருக்கும்

நாங்கள் பொதுவாக முதலில் தருவது பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. இதனை இரண்டு மாதம் நிரம்பிய குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். அதனினும் இளைய சிசுக்களுக்குக் கந்தகக் களிம்பு போன்ற வேறு மருந்துகளை மருத்துவரே முடிவு செய்வார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தங்கள் நிலையை மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு மருந்து பெற வேண்டும். ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகத் தரப்படுவதில்லை. பிறர் வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மருந்தின் அளவிலேயே பல குடும்பங்கள் இடறுகின்றன. பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 30 கிராம் களிம்பு தேவை. 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு 15 கிராம் வரையிலும், 1 முதல் 5 வயதுள்ள குழந்தைக்கு 7.5 கிராம் வரையிலும் தேவைப்படும். தந்தை, தாய், பாட்டி, எட்டு வயது மகள், மூன்று வயது மகன் என ஐவர் உள்ள வீட்டுக்கு ஒரு முறை பூச 112 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது 30 கிராம் குழாய்கள் நான்கு. இரண்டு முறைக்கு எட்டு. ஒரே குழாயை ஐவரும் பகிர்ந்து அரிக்கும் இடத்தில் மட்டும் தடவிக்கொண்டால் மருந்தும் வீண், பணமும் வீண். ஆகவே மருத்துவரிடம் வரும்போது, வீட்டில் எத்தனை பேர், அவரவர் வயது என்ன, யாரேனும் கர்ப்பமாக இருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்க இயலாவிட்டால் அதனையும் தயங்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சொறிக்கான மருந்தை இலவசமாகப் பெற வழியுண்டு.

பூசும் முறை இது. மாலையில் வழக்கம்போல் குளித்து, உடலை நன்கு துவட்டி, தோல் குளிர்ந்த பின் தொடங்குங்கள். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, ஓர் இடமும் விடாமல் மெல்லிய படலமாகப் பூசுங்கள். விரல் இடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், அக்குள், பின்புறம், பிறப்புறுப்பு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை மறவாதீர்கள். அரைஞாண் கயிறு, காப்பு, தாயத்துக் கயிறு ஆகியவற்றை அன்றிரவு மட்டும் கழற்றிவிடுங்கள். அவற்றின் அடியில் உள்ள தோலுக்கும் மருந்து வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலை, காதின் பின்புறம், முகம் ஆகியவற்றிலும், கண்ணையும் வாயையும் தவிர்த்துப் பூச வேண்டும். விரல் சூப்பும் குழந்தைக்குக் கையுறைபோல் மெல்லிய துணியைக் கட்டிவிடலாம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மட்டும் மீண்டும் பூசுங்கள். முட்டைகள் தப்பியிருக்கக் கூடும் என்பதால் 7 முதல் 14 நாட்களுக்குள், மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளில், இரண்டாம் முறை அனைவரும் பூசிக்கொள்ள வேண்டும்.

கடலுக்குச் செல்லும் வீடுகளில் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பின்னிரவில் எழுந்து படகில் செல்லும் தந்தை, இரவு பூசிய மருந்தை உப்புநீரில் கழுவிவிடுவார். ஆகவே அவர் கடலுக்குப் போகாத நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வழியில்லையெனில், மற்றவர்கள் இரவில் பூசிக்கொள்ளட்டும். அவர் கரை திரும்பிக் குளித்த பின், அன்று பகலில் பூசிக்கொண்டு மாலை வரை வைத்திருக்கட்டும். ஒரே நாளுக்குள் வீட்டில் உள்ள அனைவரும் முடித்துவிடுவதே நோக்கம். வார இறுதியில் வந்து தங்கும் பாட்டி, பிள்ளையை நாள்தோறும் தூக்கி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா ஆகியோரும் இக்கணக்கில் சேர்வர்.

மருந்தைக் கழுவிய காலையில், கடந்த மூன்று நாட்களில் பயன்படுத்திய துணி, துண்டு, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க இயலாத பொம்மை, கம்பளி போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டால் போதும். பாயைத் துடைத்து வெயிலில் போடுங்கள்.

இவ்வாறு அனைவருக்கும் ஒருசேரச் சிகிச்சை அளிப்பதன் பயனை ஃபிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அதன் முடிவு 2015-இல் வெளியானது. சில தீவுகளில் சொறி வந்தவருக்கும் அவரோடு நெருங்கிப் பழகியவருக்கும் மட்டும் பெர்மெத்ரின் தரப்பட்டது. வேறு சில தீவுகளில் ஊரார் அனைவருக்கும் ஐவர்மெக்டின் தரப்பட்டது. ஓராண்டுக்குப் பின், முதல் வகைத் தீவுகளில் சொறி ஏறத்தாழப் பாதியாகவே குறைந்திருந்தது. ஊரார் அனைவருக்கும் ஐவர்மெக்டின் தந்த தீவுகளிலோ 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. சீழ்ச் சிரங்கும் உடன் குறைந்தது. ஊர் முழுவதற்கும் மருந்து தருவது அரசின் பணி. வீடு முழுவதற்கும் மருந்து தருவது நம் கையில் உள்ளது.

மருந்துக்குப் பின்னும் அரிக்கிறதே?

உண்ணிகள் இறந்த பின்னும் அவற்றின் எச்சங்கள் தோலில் இருக்கும். எனவே அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை சிறுகச் சிறுகக் குறைந்தே மறையும். அதற்காக நாள்தோறும் களிம்பைப் பூசக்கூடாது. தோல் வறண்டு அரிப்பு மேலும் கூடும். தேங்காய் எண்ணெயோ, மருத்துவர் தரும் ஈரப்பதக் களிம்போ தடவலாம். புதிய கொப்புளங்கள் தோன்றினாலும், நான்கு வாரங்களுக்குப் பின்னும் அரிப்பு நீடித்தாலும் திரும்ப வாருங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'கலவைக் களிம்பு' ஒன்றைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டியுள்ளது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்த அக்களிம்புகள் அரிப்பை ஓரிரு நாளில் அடக்கும். நோயையோ மறைத்து வளர்க்கும். சொறியும் படர்தாமரையும் இதனால் உருமாறி, எங்களுக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது. குழந்தையின் மெல்லிய தோல் மேலும் மெலிந்து தழும்பாகும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது இக்காரணம் பற்றியே. மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், பேன் மருந்து ஆகியவற்றையும் பூச வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அதனை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கடலில் குளித்தால் சொறி போகும் என்பதும் சரியன்று. தோலுக்குள் இருக்கும் உண்ணியை உப்புநீர் எட்டுவதில்லை, புண்ணுக்கோ எரிச்சல் கூடும்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் வைத்துவிடும் பெற்றோரும் உண்டு. அரிப்போடு அனுப்பிவிடும் பெற்றோரும் உண்டு. இரண்டும் வேண்டாம். பள்ளி தவறினால் பாடம் மட்டும் தவறுவதில்லை. அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதியச் சத்துணவும் சேர்ந்தே தவறுகின்றன. நோயுற்ற பிள்ளைக்கு உணவு தேவை.

சொறி: முதல் முறை மருந்து பூசி, மறுநாள் காலை குளித்த பின் பள்ளிக்கு அனுப்பலாம். ஓர் இரவு போதும்.

சீழ்ச் சிரங்கு: ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம் கழிந்த பின், அல்லது புண்கள் காய்ந்து ஆறிய பின் அனுப்பலாம். அதுவரை துண்டைப் பிறர் பயன்படுத்தக் கூடாது. புண்ணைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

படர்தாமரை: சிகிச்சை தொடங்கிவிட்டால் பள்ளிக்குச் செல்லத் தடையில்லை. துண்டு, சீப்பு, தொப்பி ஆகியவற்றைப் பகிரக்கூடாது. தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது; வாய்வழி மருந்து தேவை.

பாலுண்ணி போன்ற முத்து வடிவக் கட்டிகள்: பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தாமாகவே மறையும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கிள்ளிவிடக் கூடாது.

சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை வீட்டில் இருக்க வேண்டும், பொதுவாகக் கொப்புளம் தோன்றியதிலிருந்து ஐந்து நாட்களேனும் ஆகும். வாசலில் வேப்பிலை செருகி, பிறர் வருகையைத் தவிர்க்கும் நம் வழக்கம் இங்கே மருத்துவத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் குளிப்பாட்டாமல் விடுவது தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் மெல்லக் குளிப்பாட்டலாம். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. அம்மை வராத கர்ப்பிணி யாரேனும் அருகில் இருந்திருந்தால் அவர் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

கை, கால், வாய்க் கொப்புள நோய்: காய்ச்சல் நின்று, பிள்ளை நன்கு உண்டு விளையாடத் தொடங்கும் வரை வீட்டில் இருப்பது நல்லது.

ஆசிரியரிடம் சொல்வதா, மறைப்பதா?

சொல்லிவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. மறைத்தால், உங்கள் பிள்ளை குணமான பின்னும் வகுப்பில் உள்ள வேறு பிள்ளையிடமிருந்து மீண்டும் தொற்றும். சொல்லும் விதம் எளிமையாக இருக்கட்டும்: "டீச்சர், பிள்ளைக்குச் சொறி இருந்தது. நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் மருந்து பூசிக்கொண்டோம். இன்றைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு பிள்ளைகளுக்கும் அரிப்பு இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்." இத்தனை போதும். மருத்துவரின் குறிப்பு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம்.

ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. அரிப்புள்ள பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லாதீர்கள். தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்காதீர்கள். சொறி தட்டின் வழியே பரவுவதில்லை. பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு அரிப்பு இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் அக்குழுக்கள் தோல்நோய்களையும் பார்க்கின்றன.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும். "தம்பிகிட்டப் போகாதே" என்று பலமுறை கேட்கும் பிள்ளை, தன்னிடம் ஏதோ குற்றம் இருப்பதாக எண்ணத் தொடங்கும். ஒதுக்கி வைக்கும் காலம் மருந்து பூசும் அந்த ஓர் இரவு மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். மறுநாள் காலை குளித்து முடித்ததும் அப்பிள்ளையைத் தூக்கலாம், அணைத்துக்கொள்ளலாம், தம்பியோடு விளையாட விடலாம்.

உடனே வர வேண்டிய நிலைகள்

காய்ச்சலோடு புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக இருத்தல். சீழ் வைத்த புண் விரைந்து பரவுதல். முகம் அல்லது கண் வீக்கம். சிறுநீர் குறைதல் அல்லது நிறம் மாறுதல். பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தல். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் கொப்புளம் தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் வாருங்கள். வலிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணும் உள்ளது.

புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, அரிப்புள்ள பிள்ளையை மட்டும் அழைத்து வராமல், இயன்றால் வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் அழைத்து வாருங்கள். ஏற்கெனவே பூசிய களிம்புகளின் குழாய்களையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்த மருந்து எவ்வளவு நாள் பூசப்பட்டது என்பது தெரிந்தால், சரியான மருந்தை அன்றே தர எங்களால் இயலும்.